பைபாஸுக்குப் பிறகு ஜிஎல்பி-1 ஏறவில்லையா? முதலில் நேரத்தைப் பாருங்கள்

இரைப்பை பைபாஸ் ஆனவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 0, 60, 120 நிமிடங்களில் ரத்தம் எடுத்தும் ஜிஎல்பி-1 (சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஹார்மோன்) பெரிதாக ஏறவில்லை, அதை அளக்கும் கிட் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டை அப்புறம் சந்தேகப்படலாம். இந்த அறுவைக்குப் பிறகு குளுக்கோஸ் இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குள் பாய்ந்துவிடுவதால் ஜிஎல்பி-1 உச்சம் பெரும்பாலும் 30 நிமிடத்தை ஒட்டியே வந்துவிடும், 60இல் நீங்கள் ரத்தம் எடுக்கும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். 15, 30, 45 மூன்றையும் கட்டாயம் சேருங்கள்.

எந்த ஜிஎல்பி-1 என்று நீங்கள் எழுதவில்லை. ஆக்டிவ் (சிதையாமல் வேலை செய்யும் வடிவம்) என்றால், டிபிபி-4 நொதி அதை ஓரிரு நிமிடத்தில் பாதியாகக் குறைத்துவிடும், ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அது சும்மா இருக்காது. அதனால் இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) உள்ள குழாயில் டிபிபி-4 தடுப்பானை முன்பே போட்டு, ஐஸில் வைத்து, குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, பிளாஸ்மாவை உடனே உறைய வைக்க வேண்டும் (வார்டிலிருந்து லேபுக்கு யார் எப்போது கொண்டுபோகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்!). எவ்வளவு சுரக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் டோட்டல் (சிதைந்ததையும் சேர்த்த மொத்த அளவு) அளப்பதே மேல். சிட்டாகிளிப்டின் (டிபிபி-4ஐத் தடுக்கும் சர்க்கரை மருந்து) சாப்பிடுபவர்கள் கலந்திருந்தால் அவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, பைபாஸ் ஆனவருக்கு 75 கிராமை மடமடவென்று குடிக்கக் கொடுத்தால் டம்பிங் (குடித்தது சட்டென்று சிறுகுடலில் கொட்டுவதால் வரும் தொல்லை) வந்து வியர்த்து, படபடத்துப் படுத்துவிடுவார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை, கலப்பு உணவுத் திரவம் (மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் கலந்தது) கொடுங்கள். சர்க்கரை தாழ்வது சிலருக்குத் தாமதமாகத்தான் வரும், எனவே 3 மணி நேரமாவது உட்கார வைத்துக் குளுக்கோஸ் பாருங்கள்.