நாற்பதடி ரோடும் நலச்சங்கமும்

வணக்கம்.

தென்சென்னையில் எங்கள் நகரில் 180 வீடுகள். போன ஆண்டுதான் நலச்சங்கம் ஆரம்பித்தோம். நாற்பதடி ரோட்டில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தை மினி ஹாலாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். முகூர்த்த நாளில் சொந்த வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடிவதில்லை. தெருக்கோடியில் பள்ளிக்கூடம், காலை எட்டு மணிக்கு ரோடு அடைத்துக்கொள்கிறது. மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. எல்லாவற்றையும் மூன்று பக்கத்துக்கு எழுதி முதல்வர் தனிப்பிரிவு, மாநகராட்சி, கவுன்சிலர், போலீஸ் என்று எல்லோருக்கும் மனு கொடுத்தோம். ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலோடு நின்றுவிட்டது. உறுப்பினர்கள் சோர்ந்துபோனதால், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்வோம் என்று நுழைவு வளைவு, இரண்டு வேகத்தடை, தெருவோர மரக்கன்றுகள் என முடிவெடுத்து வசூலும் செய்துவிட்டோம். எங்கே தவறுகிறோம்?

ஒரு நலச்சங்கச் செயலாளர்

*

அன்புள்ள செயலாளருக்கு,

உங்கள் மனுவிலேயே கோளாறு இருக்கிறது. நாலு அலுவலகத்துக்கான நாலு புகாரை ஒரே தாளில் போட்டால், ஒவ்வொரு மேஜையிலும் ‘இதில் பாதி நமக்கில்லை’ என்று அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். மனுவை உடையுங்கள். ஒரு தாள், ஒரு புகார், ஒரே கோரிக்கை. கூடவே சர்வே எண், தேதி தெரிகிற போட்டோ, சங்கத் தீர்மானத்தின் நகல். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் பதிவு எண்ணை லெட்டர்ஹெட்டில் போடுங்கள். ஆண்டறிக்கையையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் ஏராளம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

ஹாலை எடுத்துக்கொள்வோம். ‘குடியிருப்புப் பகுதியில் ஹால் நடத்துகிறார்கள்’ என்பது மட்டும் புகாராகாது. அந்த மனை எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சென்னைப் பெருநகருக்காக 2008-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது மாஸ்டர் பிளானில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலப்பயன்பாடு குறித்திருக்கிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்துப் பார்க்கலாம். பிரைமரி ரெசிடென்ஷியல், அதாவது முதன்மைக் குடியிருப்பு என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அங்கேயும் மளிகைக் கடை, டீக்கடை, பால் பூத், தையல் கடை போன்ற சின்ன உபயோகங்களுக்கு இடமுண்டு, ஆகவே ஹாலோடு சேர்த்துத் தையல்காரர் மேலும் புகார் எழுதி வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மிக்ஸட் ரெசிடென்ஷியல், அதாவது கலப்புக் குடியிருப்பு என்று வந்தால் வணிக உபயோகங்கள் பலவற்றுக்கு விதியே இடம் கொடுக்கிறது. அப்போது நிலப்பயன்பாட்டை விட்டுவிட்டு, அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டியதையும் பார்க்கிங்கை விழுங்கியதையும் பிடியுங்கள். தரைத்தள ஹால் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வரைபடத்தில் அது ஸ்டில்ட் பார்க்கிங்காக (தூண்கள் மட்டும் நிற்கிற தரைத்தள வாகன நிறுத்தமாக) இருந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. வரைபடத்தில் உள்ளே நிற்க வேண்டிய கார்கள்தான் உங்கள் வாசலில் நிற்கின்றன என்று காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஆதாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். சின்னக் கட்டடங்களுக்கு சிஎம்டிஏவின் அதிகாரத்தைப் பெற்று மாநகராட்சியே அனுமதி தருகிறது. பெரியவற்றுக்கு எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிற சிஎம்டிஏ. யார் கொடுத்தது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தை 6(3) பிரிவின்படி அவர்களே உரிய இடத்துக்கு மாற்றியாக வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நாலே கேள்வி கேளுங்கள்: திட்ட அனுமதி எண்ணும் தேதியும், அனுமதித்த உபயோகம், அனுமதித்த வாகன நிறுத்த இடங்களின் எண்ணிக்கை, நிறைவுச் சான்று வழங்கப்பட்டதா. கூடவே கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதைத் தவறவிட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடுகிறவர்களே அதிகம்.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளை (அனுமதிக்கு மாறான கட்டுமானத்தின் மேல் நடவடிக்கை எடுப்பதற்கானவை) குறிப்பிட்டு, அனுமதி தந்த அலுவலகத்தின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். நோட்டீஸ் போகும். உரிமையாளர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்வார், கோப்பு அங்கே உறங்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் கைவிடுகின்றன. மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், விசாரணையில் சங்கத்தையும் கேட்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். ஹைகோர்ட்டுக்குப் போனால், ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவு எளிதில் கிடைக்கும். அதற்காக லட்டு கொடுக்காதீர்கள். பரிசீலித்து ‘இல்லை’ என்று எழுதினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் கணக்கு.

அதுவரை ஹால் சும்மா ஓட வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. பத்துக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. தேதியும் நேரமும் போட்டு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் காவல் நிலையத்தில் ரசீதோடு எழுத்துப் புகார் கொடுத்து வாருங்கள். அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பும் மனுவின் பின்னிணைப்பு அதுவே.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாஸ்டர் பிளான் வேலை நடக்கிறது. வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு எந்த வகைக்கான நிறம் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். தனிமனை வகை மாற்றத்துக்கான நாளிதழ் அறிவிப்புகளையும் உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து கவனிக்கட்டும். நிறம் மாறிய பிறகு ஒரு ஹாலோடு மல்லுக்கட்டுவதைவிட இது நூறு மடங்கு லாபம்.

இனி வேகத்தடை. தயவுசெய்து சங்கச் செலவில் போடாதீர்கள். அனுமதியில்லாத மேட்டில் ஒருவர் விழுந்தால் கேள்வி உங்கள் மேல் வரும். போக்குவரத்துப் போலீசின் பரிந்துரையோடு மாநகராட்சி போட வேண்டும். உள்தெரு என்றால் மண்டலப் பொறியாளர், பஸ் போகிற ரோடு என்றால் பஸ் வழித்தடச் சாலைகள் துறை. கேட்கும்போது அளவையும் எழுதிக் கேளுங்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வேகத்தடை நெறிமுறையான ஐஆர்சி 99 சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை, வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான கணக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? ரோடு போட்டு மிஞ்சிய தார்க்கலவையை ஒப்பந்தக்காரர் இரண்டடி அகலத்துக்கு, அரையடி உயரத்துக்குக் குவித்து ரோலரை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். அதில் காரின் அடி உரசும், பின்சீட்டு ஆட்கள் எகிறுவார்கள், பைக்கில் போகிறவர்கள் ஓரத்து இடுக்கில் நுழைந்து நடந்து போகிறவர்களை இடிப்பார்கள்.

போடும் நாளில் 3.7 மீட்டர் நீளத்துக்கு வளைவு வெட்டிய மரப்பலகை அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நூலும் ஸ்கேலும் போதும். இரண்டு விளிம்பிலும் ரோடு மட்டம், விளிம்புக்கும் நடுவுக்கும் பாதித் தூரத்தில் ஏழரை சென்டிமீட்டர், நடுவில் பத்து. பாதித் தூரத்தில் நாலோ ஐந்தோ காட்டினால் நடுவில் கூம்பாகக் குவித்திருக்கிறார்கள். ஓரத்தில் தண்ணீர் ஓட இடைவெளி விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மேட்டுப்பக்கம் குளம் கட்டி ஒரே மழைக்காலத்தில் தார் பெயரும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை. பட்டை அழிந்த வேகத்தடை இரவில் பள்ளத்துக்குச் சமம். எந்த வீட்டு வாசலில் போடுகிறீர்களோ அந்த வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பிரேக் சத்தமும் ஹாரனும் இரவு முழுக்க அவருக்குத்தான்.

பள்ளி நெரிசலுக்கு வேகத்தடையால் ஒரு பயனும் இல்லை. எண்ணிக்கை எடுங்கள். செவ்வாய், புதன் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை விடுகிற நேரத்தில் ஒன்றரை மணி நேரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. டூவீலர், ஆட்டோ, வேன், கார், நடந்து வருகிறவர்கள் என்று கட்டம். திசைக்கு ஒரு ஆள். எந்த கால்மணியில் எது அடைக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் வாசலில் நின்று குழந்தையை இறக்கிவிட்டு அங்கேயே யூ-டர்ன் அடிக்கிற கார்கள்தான் அடைப்பு. வேன்களை வளாகத்துக்குள் எடுப்பது, வகுப்புவாரியாகப் பத்து நிமிட இடைவெளியில் விடுவது, இறக்கிவிடும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது என்ற மூன்றையும் பள்ளி நிர்வாகத்திடம் முதலில் பேசுங்கள். ஒருவழிப் பாதை கேட்பதானால் பக்கத்துத் தெருச் சங்கத்தின் சம்மதக் கடிதத்தோடு போங்கள். நெரிசல் அவர்கள் தெருவுக்குத்தான் போகும், அடுத்த வாரமே அவர்கள் எதிர்மனுவோடு நிற்பார்கள். போலீஸ் வெள்ளோட்டம் விடும்போது அதே தாளில் மறுபடியும் எண்ணி ஒப்பிட்டுக் கொடுங்கள்.

நுழைவு வளைவை மறந்துவிடுங்கள். பொதுச்சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலையோ வேறு கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. கட்டினால், ஹால்காரர் உங்கள் மேல் கொடுக்கப்போகும் முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும். வசூலான பணத்தைப் பொதுக்குழுத் தீர்மானமில்லாமல் வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடுகிறது. வளைவுக்குச் சேர்த்த பணம் அங்கே ஒரு நடைபாதையாகவோ பூங்கா வேலையாகவோ மாறலாம்.

தண்ணீர் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ரோட்டின் மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீடு பள்ளமாகிவிடுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ரோடு போடுவதற்கு முன் நாலைந்து காம்பவுண்டுச் சுவர்களில் பெயின்டால் மட்டக்கோடு போட்டு, கோட்டிலிருந்து ரோடு எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். போட்ட பிறகு அளந்தால் குறைந்திருக்கக் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் வாய்ச்சண்டை போட வேண்டிய அவசியமே வராது.

இன்னொன்று, இதை எந்தச் சங்கமும் கூட்டத்தில் எடுப்பதில்லை: கார் ஏறுவதற்காக நம் உறுப்பினர்கள் ரோட்டின் மேல் நீட்டியிருக்கும் சிமென்ட் சாய்தளம், வாசல் படி, பூந்தொட்டி வரிசை. மழைநீர் வடிகாலின் வாயை மூடுவது பாதி இடங்களில் இவைதான். தலைவர் வீட்டுச் சாய்தளத்தை முதலில் இடித்துவிட்டு நடைபாதை கேளுங்கள். இல்லையென்றால் அளக்க வருகிற உதவிப் பொறியாளர் அதையே காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மரம் கடைசியில். வடிகால், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், ரோடு, நடைபாதை எல்லாம் முடிந்த பிறகு. வரிசையை மாற்றினால் அடுத்த ஜேசிபி உங்கள் கன்றைத்தான் முதலில் தூக்கும். மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி. தோண்டிய மண், செம்மண், மக்கிய எரு சம அளவு. ஆறடிக்குக் குறையாத கன்று. ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு நல்லவை. மின்கம்பி போகிற பக்கம் மந்தாரை போல உயராதது. 2016 வர்தா புயலில் சாய்ந்து கார்களை நசுக்கிய மயில்கொன்றை (குல்மோகர்) வகைகள் வேண்டாம். கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை 2025-இல் அரசே தடை செய்துவிட்டது. நர்சரிக்காரர் வேறு பெயர் சொல்லித் தந்தாலும் வாங்காதீர்கள். தெருமுனையில் பத்து மீட்டருக்கு எதுவும் நடாதீர்கள், திரும்புகிற வண்டிக்கு எதிரே வருவது தெரியாது. நடைபாதைக் கல் பதிக்கும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே விடச் சொல்லுங்கள். இரும்புக் கூண்டு வைத்தால், கழற்றும் ஆண்டையும் பொறுப்பான ஆளையும் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பலகை மாட்டிய கூண்டை யாரும் கழற்றத் துணிவதில்லை. மூன்றே வருஷத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்க ஆரம்பிக்கும்.