வாய்க்காலுக்குத் தெற்கு

அன்புள்ள ஐயா,

தென்மாவட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். அப்பா கொத்தனார். எங்கள் தெருவிலேயே சட்டம் படிக்கும் முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். சென்ற மாதம் சென்னையில் இரண்டு சட்ட நிறுவனங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்வியிலேயே என் ஆங்கிலம் தடுமாறிவிட்டது. ஓரிடத்தில் திருமணம் எப்போது என்று கேட்டார்கள். தன்விவரக் குறிப்பில் பதினொரு பயிற்சிச் சான்றிதழ்களைப் பட்டியலிட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேரட்டுமா? என்ன உடை உடுத்திப் போவது? சம்பளத்தைப் பற்றி நாமே கேட்கலாமா? இதெல்லாம் வேண்டாம் என்று நேராக சிவில் நீதிபதித் தேர்வுக்குப் படிக்கலாமா?

தாத்தாவின் நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டபோது, பழைய கிரயப் பத்திரத்தை வாசித்து வீட்டாருக்குப் பொருள் சொன்னது நான்தான். அன்றைக்குத்தான் சட்டம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இது என் கேள்விகளுக்குத் தொடர்பில்லாதது, மன்னிக்கவும்.

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்ட அந்தக் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். உடையையும் சான்றிதழையும் பற்றிக் கேட்டு வாரம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது. பத்திரம் வாசித்ததாக ஒரு சட்ட மாணவி எழுதி நான் பார்ப்பது இதுவே முதல் முறை. அதையும் நீங்கள் தொடர்பில்லாதது என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உடை: துவைத்துத் தேய்த்தது, நீங்கள் வசதியாக உணர்வது, அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. திருமணக் கேள்வி: அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை, அதைக் கேட்ட இடத்தில் வேலை கிடைக்காததற்காக வருந்தவும் வேண்டாம். நீதிபதித் தேர்வு: படிப்பு முடிந்த கையோடு எழுதும் வழியை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று அடைத்துவிட்டது. சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது கணக்கிடப்படும், நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகப் பணிபுரிந்த காலமும் சேரும். எனவே அந்த மூன்றாண்டை யாரிடம், என்ன கற்றுக்கொண்டு கழிப்பது என்ற கேள்வியிலிருந்து நீங்கள் தப்ப முடியாது.

இனி உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு ஜூனியர் தேவைப்பட்டார். ஆறு பேர் வந்தார்கள். அண்மையில் படித்த தீர்ப்பு எது என்று கேட்டேன். நான்கு பேர் கேசவானந்த பாரதி வழக்கைச் சொன்னார்கள். 1973இல் வந்த தீர்ப்பு அண்மையில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர்கள் அண்மையில் படித்திருக்கலாம் அல்லவா? பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு, அரசமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு என்று மடமடவென்று ஒப்பித்தார்கள். சரி, இந்தக் கேசவானந்த பாரதி யார், எதற்காக நீதிமன்றத்துக்கு வந்தார் என்று கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. அவர் காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர். கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் மடத்தின் நிலம் போகிறதே என்று 1970இல் வழக்குப் போட்டவர். நிலத்தகராறாகத் தொடங்கியதுதான் அந்த வழக்கு. கடைசியில் அந்த நிலச் சட்டங்களுக்குக் காப்பளித்த இருபத்தொன்பதாவது திருத்தம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நாடே கொண்டாடும் தீர்ப்பில் மடத்துக்கு அது தேடி வந்த பலன் கிட்டவில்லை. ஐந்தாண்டு அந்த வழக்கின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு, வழக்குப் போட்ட மனிதருக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை என்றால், நாளை தன் எதிரே நாற்காலியில் உட்காரப்போகும் கட்சிக்காரரை அவர் எப்படிக் கேட்பார்?

அதன் பிறகு ஆறு பேரிடமும் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு பேர் “தமிழில் இருக்கிறது, சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். இருவருமே தமிழர்கள். மற்றவர்கள் சொத்து விவரத்துக்கு வந்ததும் எல்லைகளைத் தாண்டிக் கையெழுத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு அருகதை இல்லை என்பது அன்றிரவு நினைவுக்கு வந்தது.

1993இல் வழக்கறிஞராகப் பதிவு செய்த கையோடு, சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்த உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை கேட்டுப் போனேன். அதற்கு முன்பே ஒரு பெரிய அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காக்கவைத்து, அப்பா என்ன செய்கிறார் என்ற ஒரே கேள்வியோடு என்னை அனுப்பிவிட்டிருந்தார்கள். இவர் அதைக்கூடக் கேட்கவில்லை. மேசை மீதிருந்த கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்து, ஒரு பத்திரத்தை எடுத்து, உரக்க வாசி என்றார். நான் ‘சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்பதையெல்லாம் மேடைப் பேச்சுப்போல முழங்கிவிட்டு, நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி வந்ததும் முணுமுணுத்துக் கடந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று இருந்தது. “வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். “தெற்கே, ஐயா” என்றேன். பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னார். நிலத்தை ஒரு கட்டமாகப் போட்டு, அதற்குக் கீழே வாய்க்காலை நெளிநெளியாக அழகாக வரைந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் குமாஸ்தாவை அழைத்து அதே வரியைக் காட்டினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்தப் பெரியவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கட்டத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்தார். “நெலம் வாய்க்காலுக்குத் தெக்கேன்னா, வாய்க்கா நெலத்துக்கு வடக்கேதானே தம்பி இருக்கும்?” என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. நம் பழைய பத்திரங்கள் எல்லையைச் சொல்லும் முறை அதுதான்: எந்தத் திசையில் எது இருக்கிறது என்று அவை சொல்வதில்லை, எதற்கு எந்தத் திசையில் நம் நிலம் இருக்கிறது என்று சொல்கின்றன. கிராமத்தில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தில் சொத்துரிமை மாற்றுச் சட்டம் படித்த ஆண்டுகளில் அதை மறந்துவிட்டிருந்தேன். அந்த வழக்கே வடக்கில் இருந்த வாய்க்காலின் கரை யாருக்கு என்பதுதான் என்று பிறகு தெரிந்தது.

இதை வெறும் பழங்கதை என்று எண்ண வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு நிறுவனம் தொழிற்சாலைக்கு நிலம் வாங்குகிறது என்றால், உங்களுக்கு வேலை தராத அதே சட்ட நிறுவனங்கள்தாம் அந்த நிலத்தின் உரிமையைச் சரிபார்த்து அறிக்கை தருகின்றன. அந்த அறிக்கை பளபளப்பான ஆங்கிலத்தில் இருக்கும். அதற்கு அடியில் இருப்பது என்ன? தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேடு, நில அளவை வரைபடமான புலப்படம், யாரோ ஒரு பத்திர எழுத்தர் எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். இவற்றில் பலவும் தமிழில்தான் இருக்கின்றன. இவற்றை வாசிக்கத் தெரியாத, ஆனால் நன்றாக ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவர் வாய்க்காலைத் தெற்கே தள்ளி அறிக்கை எழுதிவிடலாம். பரப்பளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே மேலோங்கும் என்பது நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கும் விதி என்பதால், அந்த ஒரு பிழை பல கோடி ரூபாய்ப் பிழையாகலாம். அங்கே தேவைப்படும் ஆள் நீங்கள். அது அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் குறை. நீங்கள் சொல்லவில்லை என்பது உங்கள் குறை.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றபோது என்ன சொன்னீர்கள்? பெயர், ஊர், கல்லூரி, மதிப்பெண், ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்குவேன்’ என்றுதானே? அதெல்லாம் அவர்கள் கையிலிருந்த தாளிலேயே இருந்தது. தாத்தாவின் நிலத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த ஆண்டு, யாரிடம் வாங்கினார், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது, வேலி எங்கே வந்தது, பக்கத்து நிலத்துக்காரர் எதை ஆதாரமாகக் காட்டினார், நீங்கள் எந்த வரியைக் காட்டினீர்கள். இதை ஆண்டு வரிசையில் சொல்ல அலங்கார ஆங்கிலம் வேண்டாம். ‘வாங்கினார்’, ‘விற்றார்’, ‘எழுதினார்’, ‘இறந்தார்’ என்பதற்கு மேல் வினைச்சொற்களும் அதிகம் தேவைப்படாது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்யும்போது முகப்பிலேயே சுருக்கமும் தேதிப் பட்டியலும் வைக்கிறார்களே, எதற்கு? வாதத்துக்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல் என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே கேட்கிறது. நேர்முகத் தேர்வில் உங்கள் எதிரே இருப்பவரும் கேட்பது அதைத்தான்.

பதினொரு சான்றிதழ்களைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது இருபது வாரம் பயிற்சி பெற வேண்டும் என்று அகில இந்திய பார் கவுன்சில் விதி வைத்திருப்பது நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பதற்காக. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் மூன்று கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டு வண்ண எழுத்தில் ஒரு தாள் வாங்குவதற்காக அன்று. அந்தப் பதினொன்றில், எந்த வழக்கில் வாதி யார், என்ன பரிகாரம் கேட்டார், நீங்கள் கிளம்பிய நாளில் வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்று எத்தனைக்கு உங்களால் சொல்ல முடியும்? இரண்டுக்கு முடியும் என்றால் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் முடியாது என்றால், படிப்பு முடியும் முன் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் யாராவது ஒரு வழக்கறிஞருக்குப் பின்னால் நான்கு வாரம் நில்லுங்கள். வாய்தா ஏன் வாங்கினார்கள், நகல் மனு எங்கே போடுகிறார்கள், குறுக்கு விசாரணையில் சாட்சி எந்தக் கேள்விக்குத் தயங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கே சாட்சியம் தமிழில் நடக்கும்; அதைக் கேட்டு ஆங்கிலத்தில் குறிப்பெழுதிப் பழகினால் பேச்சு வகுப்பின் கட்டணம் மிச்சம். உயர் நீதிமன்ற மொழி அரசமைப்பின் 348ஆவது பிரிவின்படி ஆங்கிலம்தான் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு தீர்ப்பின் நான்கு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஓராண்டில் வந்துவிடும். எனக்கு இரண்டாண்டு ஆயிற்று, நான் சோம்பேறி.

சம்பளத்தை மறக்கவில்லை. கேட்கலாமா என்று ஏன் கேட்கிறீர்கள்? கேளுங்கள். தம்புச் செட்டித் தெருவில் எனக்கு அன்றே வேலை கிடைத்தது. அவரிடம் நான் கற்றவைதான் இன்றுவரை என் சோறு. ஆனால் பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை; எட்டு மாதம் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் படுத்து, மதியம் டீயும் பன்னுமாகக் கழித்தேன். அதைத் தவம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவோர் உண்டு. தவமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பசி. கொத்தனாருக்கு அன்றாடம் கூலி கிடைப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் தரும்படி வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்த மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லோரும் தருகிறார்களா என்றால் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் எண் உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் காலத்தில் அதுவும் இல்லை.

சென்னைக்கு மறுபடி கிளம்புமுன், தாத்தாவின் பத்திரத்தை எடுத்து ஒரே பக்கத்தில் தேதிப் பட்டியல் எழுதி எனக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு படமும் வரையுங்கள். வேலி எந்தப் பக்கம் போடப்பட்டது, அந்தப் பக்கத்து எல்லையைப் பத்திரம் எந்தச் சொற்களில் சொல்கிறது என்பதை நீங்கள் எழுதவே இல்லை. கடிதத்தைப் படித்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.