மினி டீவி கேசட்டும் புது லேப்டாப்பும்: கேபிளை மாற்றினால் போதாது

கேள்வி: 2003இல் வாங்கிய சோனி ஹேண்டிகேமில் எடுத்த 14 மினி டீவி (Mini DV, சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. மகளின் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் அவற்றில்தான். கேமரா இன்னும் ஓடுகிறது. லேப்டாப்பில் யூஎஸ்பி மட்டுமே இருப்பதால் ‘ஃபயர்வயர் – யூஎஸ்பி’ கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கிச் செருகினேன். லேப்டாப் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே பையில் 3 ஹை8 (Hi8, மினி டீவிக்கு முந்தைய வகை) கேசட்டுகளும் உள்ளன. ஸ்டுடியோவில் டிவிடி போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். திருப்பி அனுப்ப முடிந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள். உள்ளே எந்தச் சிப்பும் இல்லாமல் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்து விற்கும் சாமான் அது. யூஎஸ்பியும், உங்கள் கேமராவில் உள்ள ஃபயர்வயர் இணைப்பும் பேசும் முறையே வேறு. ஒயர் அதை மாற்றித் தராது. யூஎஸ்பியின் 5 வோல்ட் கேமராவின் சிக்னல் பின்னுக்குள் போனால் போர்ட்டே கெட்டுவிடவும் கூடும். இப்படிப்பட்ட கேபிளுக்கு நான்கு நட்சத்திரம் போட்டு விற்கிறார்கள், கேட்க ஆளில்லை.

உங்கள் கேமராவில் ‘ஐ-லிங்க்’ அல்லது ‘டீவி’ (DV) என்று எழுதிய சின்ன 4 பின் ஓட்டை இருக்கும். ஐஇஇஇ 1394 என்ற ஒரே தரத்தை ஆப்பிள் ஃபயர்வயர் என்றது, சோனி ஐ-லிங்க் என்றது. கடைக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். டீவி வீடியோவுக்கு நொடிக்கு 25 மெகாபிட் வேண்டும். அன்றைய யூஎஸ்பி 1.1 தந்ததோ 12 மெகாபிட். ஃபயர்வயர் 400 மெகாபிட் தந்ததால் கேமரா கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2000இல் 480 மெகாபிட்டுடன் யூஎஸ்பி 2.0 வந்தது. அதன்பின் போகப்போக லேப்டாப் செய்பவர்கள் ஃபயர்வயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். வீட்டில் கேசட் வைத்திருப்பவரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

‘கேமராவிலேயே யூஎஸ்பி இருக்கிறதே’ என்பீர்கள். அந்தக் காலத்து ஹேண்டிகேம்களில் அது மெமரி ஸ்டிக் போட்டோவுக்கும், வெப்கேம் தரத்தில் ஒரு மங்கலான படத்துக்கும்தான். கேசட்டில் இருக்கும் முழுத் தரம் அந்த வழியே வராது.

சரியான வழி, ஃபயர்வயர் உள்ள கணினியைத் தேடுவது. பரணில் 2003க்கும் 2010க்கும் இடையில் வாங்கிய லேப்டாப் கிடந்தால் அதன் ஓரங்களைப் பாருங்கள். ‘1394’ என்று எழுதிய போர்ட் இருந்தால் 4 பின் – 4 பின் கேபிள் ஒன்று மட்டும் வாங்கினால் போதும். இல்லாவிட்டால் மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடுங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கார்டில் 6 பின் போர்ட் இருக்குமென்பதால் கேபிள் 6 பின் – 4 பின். கார்டில் தனி மின்சார இணைப்பு இருந்தாலும் கொடுக்க வேண்டியதில்லை, 4 பின் கேமரா அந்த மின்சாரத்தை எடுப்பதே இல்லை.

விண்டோஸ் 10இல் கார்டு தெரிந்தும் கேமரா தெரியாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள 1394 லெகசி டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். ஆப்பிள் கணினி என்றால் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மேக்ஓஎஸ் 15 வரை ஓட்டலாம். மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டார்கள். அப்டேட் செய்துவிட்டு வந்து கேட்காதீர்கள்.

கேபிள் மாட்டும்போது கேமராவும் கணினியும் அணைந்திருக்கட்டும். ஓடும்போது செருகி, போர்ட் சிப் போன கேமராக்கள் ஏராளம். 6 பின் முனையைத் தலைகீழாக அழுத்தினால் 30 வோல்ட் வரை தவறான பின்னில் பாயலாம். கேமராவைப் பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். வைக்கும் நிலை பிளே அல்லது விசிஆர். கேசட்டின் ஓரத்தில் உள்ள பூட்டை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். படத்தில் கட்டம் கட்டமாகவோ பட்டை பட்டையாகவோ தெரிந்தால் உலர் ஹெட் கிளீனர் கேசட்டை 10 நொடி ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ‘எல்பி’ (அதிக நேரம் பிடிக்க டேப்பை மெதுவாக ஓட்டும்) வேகத்தில் எடுத்த கேசட் வேறு கேமராவில் பெரும்பாலும் தடுமாறும். எடுத்த கேமராவிலேயே போடுங்கள்.

விண்டோஸில் ‘வின்டீவி’ என்ற இலவச மென்பொருள் போதும். எக்ஸ்பியின் மூவி மேக்கரையே பயன்படுத்தினால், அது தானாகத் தேர்ந்தெடுக்கும் டபிள்யூஎம்வியை விட்டுவிட்டு ‘டீவி-ஏவிஐ’யைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேர கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். விரைவுபடுத்த வழியில்லை. மணிக்குச் சுமார் 13 ஜிபி, உங்கள் 14 கேசட்டுக்கு 180 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். டிஸ்க்கின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி எல்லையால் ஒரு கோப்பு சுமார் 20 நிமிடத்தில் நின்றுவிடும்.

ஹை8 விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மேலே ஹை8 என்று அச்சிட்டிருப்பதாலேயே உள்ளே அனலாக் பதிவு என்று சொல்லிவிட முடியாது. 1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்கள் அதே கேசட்டில் டீவி பதிவை எழுதின. அதனால் எந்தக் கேமராவில் எடுத்தது என்று முதலில் விசாரியுங்கள். 90 நிமிட கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பிடித்தது என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் அது டிஜிட்டல்8 ஆக இருக்கலாம். அப்படியானால் டிஜிட்டல்8 கேமராவில் மட்டுமே ஓடும், ஐ-லிங்க் வழியே நேராக எடுக்கலாம். சாதாரண ஹை8 கேமராவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘டேப் காலி’ என்று தூக்கிப்போடுகிறார்கள், டேப் காலியில்லை. அனலாக் பதிவு என்றால், பழைய ஹை8 டேப்பையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 மாடல் ஒன்றை இரவல் வாங்குங்கள். அது அனலாக்கை டீவியாக மாற்றி ஐ-லிங்க்கில் அனுப்பும். எல்லா மாடல்களும் பழைய டேப்பை ஓட்டாது. கையேட்டில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெறும் ஹை8 கேமராதான் கிடைத்தது என்றால், அதிலிருந்து எஸ்-வீடியோ கேபிளால் உங்கள் மினி டீவி கேமராவுக்குக் கொடுத்து, மெனுவில் ‘ஏ/வி → டீவி அவுட்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே மாற்றித் தரும். இல்லாவிட்டால் மட்டும், அனலாக் படத்தை டிஜிட்டலாக்கிக் கணினிக்கு அனுப்பும் யூஎஸ்பி கேப்சர் கருவி.

இனி ஸ்டுடியோ. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் கேமராவை மாட்டி, டிவிடி ரெக்கார்டரில் இறக்கி, அட்டையில் பெயர் அடித்துக் கொடுப்பதைத்தான் பலர் ‘டிஜிட்டல் கன்வெர்ஷன்’ என்கிறார்கள். ஏற்கெனவே டிஜிட்டலாக இருக்கும் படத்தை அனலாக்காக்கி, மறுபடி அழுத்திச் சுருக்குகிறார்கள். அதற்குப் பணமும் வாங்குகிறார்கள். ‘4கே ஆக்கித் தருகிறோம்’ என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. கேசட்டில் இருப்பது 720க்கு 576 புள்ளிகள்தான்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு கேசட்டைக் கொடுங்கள், முக்கியமில்லாததாக. ‘ஃபயர்வயரில் எடுத்த டீவி கோப்பு வேண்டும், டிவிடி வேண்டாம்’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கோப்பு வந்ததும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். வடிவம் டீவி, மொத்த வேகம் நொடிக்கு 28.8 மெகாபிட் என்று காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி எம்பி4 கொடுத்துவிட்டு ‘அதே குவாலிட்டி சார்’ என்றால் மீதி 13 கேசட்டுகளைக் கொடுக்காதீர்கள்.