தொடக்க நிலை செஸ் ஆட்டக்காரர் ரேட்டிங் போட்டியில் பிரெஞ்சு டிஃபென்ஸை நம்பி ஆடலாமா?

ஆடலாம். வெள்ளை ஈ4 ஆடினால் கறுப்பு ஈ6 என்று பதில் சொல்லும் ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க முறை) இது. ஆனால் நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொண்டு மட்டும் போகாதீர்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் நடந்த போட்டியில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ரவுண்டு, எனக்குக் கறுப்பு. எதிரே ஏழாம் வகுப்புப் பையன். (கீழே எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை; ஒவ்வொரு நகர்த்தலிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு.) 1. ஈ4 ஈ6 2. டி4 டி5 3. ஈ5. இதுதான் அட்வான்ஸ் வேரியேஷன். இதில் கறுப்பின் வேலையே டி4 சிப்பாயைக் குடைந்துகொண்டே இருப்பது. 3... சி5 4. சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 ராணி பி6 6. பிஷப் டி3. நான் டி4-இல் சிப்பாயை வெட்டினேன், அவன் சிப்பாயாலேயே திருப்பி வெட்டினான்.

இப்போது டி4-ஐ என் குதிரையும் ராணியும் குறிவைக்கின்றன. காவலுக்கு ஒரே குதிரை. அவன் ராணியை அவன் பிஷப்பே மறைத்து நிற்கிறது. சும்மா கிடக்கிற சிப்பாய் என்று குதிரையால் எடுத்தேன். அவன் குதிரையால் வெட்ட, நான் ராணியால் வெட்டினேன். அடுத்து பிஷப்பை பி5-க்குக் கொண்டுபோய் செக் வைத்தான். பிஷப் விலகியதும் டி1-இல் இருந்த ராணி நேராக என் ராணியைப் பார்த்தது. செக்கிலிருந்து ராஜாவைக் காப்பாற்றினேன், ராணி போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனே காய்களைத் திரும்ப அடுக்கிக் காட்டினான்: "அண்ணா, முதல்ல பிஷப்பை டி7-ல வெச்சிருங்க, அப்புறம் எடுங்க." அதுதான் சரி. 7... பிஷப் டி7 வந்துவிட்டால் பி5 செக் கிடையாது, டி4 மிரட்டல் நிஜமாகிவிடும். அப்போதும் வெள்ளையில் சிலர் கேஸில் செய்துவிட்டு (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிவிட்டு), வேகமான தாக்குதலுக்காக அந்தச் சிப்பாயைத் தெரிந்தே விடுவார்கள். மில்னர்-பேரி கேம்பிட் என்று அதற்குப் பெயர், அதையும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

பிரெஞ்சு டிஃபென்ஸ் பழைய ஓப்பனிங்தான், 1834-இல் தொடங்கிய பாரிஸ்–லண்டன் கடிதவழி ஆட்டத்தில் வந்த பெயர். ஆனால் காலாவதியான சரக்கு இல்லை. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் இதை ஆடி நம் குகேஷைக் கறுப்புக் காயில் வென்றார். (பட்டம் கடைசியில் குகேஷுக்குத்தான் வந்தது.)

உண்மையான தலைவலி சி8 பிஷப். ஈ6 சிப்பாய் அதன் வழியை அடைத்துவிடும். டி7 வழியாக பி5-க்கு அனுப்பியோ, பி6 ஆடி ஏ6-க்குக் கொண்டுவந்தோ வெள்ளையின் நல்ல பிஷப்போடு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். வெள்ளை மூன்றாவது நகர்த்தலிலேயே டி5-இல் வெட்டினால் நீங்கள் ஈ6 சிப்பாயால் வெட்டுவீர்கள், அந்த பிஷப்புக்குத் தானாகவே வழி திறந்துவிடும்.