மசக்கை என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, இப்போது 9 கிழமை கர்ப்பம். ஏ.எல். படிக்கிற காலத்தில் இருந்தே அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு விரலை விட்டுச் சத்தி எடுப்பேன், சில நேரம் பேதிக் குளிசையும் போடுவேன். அவருக்கும் தெரியாது. இப்போது சத்தி எடுத்தால் மாமி மசக்கை என்று நினைத்துத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தருகிறா. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? கிளினிக்கில் சொன்னால் வீட்டுக்குத் தெரிய வருமா?
பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, இத்தனை வருசம் ஒருவருக்கும் சொல்லாததை எழுதியிருக்கிறீர்கள், அது லேசான காரியமில்லை. இதற்குப் புலிமியா என்று பெயர். இது ஒரு வருத்தம், வைத்தியம் உள்ள வருத்தம்.

பிள்ளைக்கு ஆகுமா என்றால், ஆகலாம். இப்படியே தொடர்ந்தால் கரு கலைவது, மாதம் நிறைய முன்னமே பிறப்பது, நிறை குறைந்து பிறப்பது எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அதே நேரம் இந்த வருத்தத்தோடு உதவி எடுத்து நல்ல சுகமான பிள்ளை பெற்றவர்கள் ஏராளம், அதனால் போன கிழமைகளை நினைத்து அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

எனக்குள்ள பயம் வேறு. கிளினிக்கில் இது தானாகப் பிடிபடாது. புலிமியா உள்ள பலருக்கு நிறை சரியாகத்தான் இருக்கும், தராசில் ஏறினாலும் ஒன்றும் தெரியாது, சத்தியை மசக்கைக் கணக்கில் எழுதிவிடுவார்கள். சத்தியும் பேதியும் சேர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே குழப்பும், வழக்கமான கர்ப்பகால இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதில்லை, நீங்கள் சொன்னால்தான் பார்ப்பார்கள். நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்தால், சத்தியில் இரத்தம் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்குத் தெரிய வருமா என்ற பயம் நியாயமானது, ஊரில் மிட்வைஃப் அக்காவையும் மாமிக்குத் தெரிந்திருக்கும். டொக்டரோடு தனியக் கதைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் கர்ப்பகால அட்டை வீட்டு அலுமாரியில்தான் இருக்கும், ஆகவே அதில் இதை எப்படி எழுதுவது என்றும் அவரிடமே கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவர் கடிதம் தரலாம். தராசு இலக்கத்தைப் பார்த்தால் மனம் கெடும் என்றால் முதுகைத் திருப்பி நின்று நிறுக்கச் சொல்லிக் கேட்கலாம். அவருக்கு, அதுதான் உங்கள் கணவருக்கு, எப்போது சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், ஆனால் ஒரு ஆளாவது வீட்டில் அறிந்திருந்தால் இரவில் தனியாகப் போராட வேண்டி வராது.

வெள்ளி, சஷ்டி என்று விரதம் பிடிக்கிறீர்களா? பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம், பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் பின்னேரம் அந்த அவதிச் சாப்பாடும் அதன் பின்னால் சத்தியும் வரத்தான் செய்யும். டொக்டர் வேண்டாமென்றார் என்றால் மாமி ஒன்றும் சொல்லமாட்டா. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பேதிக் குளிசையை நிறுத்தினால் சில நாள் உடம்பு ஊதினமாதிரி இருக்கும், அது தேங்கின தண்ணீர், கொழுப்பில்லை, பயந்து திரும்பப் போடாதீர்கள். சத்தி எடுத்த கையோடு பல் தீட்டாமல் தண்ணீரால் கொப்பளியுங்கள், அமிலம் பட்ட பல் தேய்ந்துவிடும். இரும்புச்சத்துக் குளிசை தரும்போது அது உள்ளே தங்குகிறதா என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு இந்த வருத்தம் திரும்பத் தலைதூக்குவதும் மனச்சோர்வு வருவதும் அதிகம், அதனால் இப்போதே அந்த மனநலப் பிரிவோடு தொடர்பு வைத்திருங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள்.

கேள்வி: மனைவி நல்லா மெலிவு, சாப்பிடப் பயப்படுகிறா, ஏழு மாதமாக மாதவிடாய் இல்லை. பிள்ளை தங்குவதற்கு மருந்து எடுக்கலாமா?
சுன்னாகம் வாசகர்

பதில்: முதலில் சாப்பாட்டுக்கு வைத்தியம், பிள்ளை மருந்து பிறகு. நிறை ஏறினால் பலருக்கு மாதவிடாய் தானாகவே திரும்புகிறது. ஆனால் மாதவிடாய் வரவில்லை என்பதற்காகக் கரு தங்காது என்று நினைக்காதீர்கள், வரமுன்னமே முட்டை வெளிப்படலாம். ஆகவே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். வற்புறுத்திச் சாப்பிட வைக்க வேண்டாம், கூடவே இருந்து சாப்பிடுங்கள், டொக்டரிடம் சேர்ந்தே போங்கள்.