சியோலைட் கல்லைப் போட்டால் தண்ணீரிலுள்ள கன உலோகங்கள் எல்லாம் போய்விடுமா?

ஈயம் நன்றாகவே போகும். "எல்லாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

1756இல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் இந்தக் கனிமத்தைச் சூடாக்கியபோது உள்ளே இருந்த நீர் ஆவியாகி அது நுரைத்துப் பொங்கியது. அதனால்தான் கிரேக்கத்தில் "கொதிக்கும் கல்" என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்த நீர் ஒளிந்திருந்த நுண்துளைகளில்தான் விஷயமே இருக்கிறது. சிலிக்கானுக்குரிய சில இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருப்பதால் கல்லின் சட்டகத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதை ஈடுசெய்யச் சோடியம், கால்சியம் அயனிகள், அதாவது நேர்மின்னூட்டம் பெற்ற அணுக்கள், துளைகளுக்குள் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஈய அயனி வந்ததும் சோடியம் இடத்தைக் காலிசெய்துவிட்டு நீரோடு போய்விடும்.

நிக்கல் அவ்வளவு எளிதில் சிக்காது. அமிலம் மிகுந்த சுரங்கக் கழிவுநீரில் ஹைட்ரஜன் அயனிகளே இடம்பிடித்துவிடும். ஆர்சனிக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் நீரில் நேர்மின் அயனிகளாக இருப்பதில்லை. பதப்படுத்தாத கல் அவற்றைக் கண்டுகொள்ளாது.

இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகத்தில் 1985 முதல் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கைச் சியோலைட்டைக் கொண்டுதான் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரிக்கிறார்கள்.

நிரம்பிய கல்லை உப்புக்கரைசலில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பிடித்த ஈயம் இப்போது அந்தக் கரைசலில் இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள்.