தாயின் உயிரும் கருவின் உயிரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழாவது வாரத்தில் கரு குழாயில் தங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. அன்று இரவே அறுவை சிகிச்சை செய்து அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் சிறு குழுக் கூட்டத்தில்) ஒருவர், "அதுவும் ஓர் உயிர்தானே, எதற்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடட்டும்" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து மகள் நன்மை (நற்கருணை) வாங்கப் போகவில்லை. நாங்கள் செய்தது கருக்கலைப்பா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: இல்லை அம்மா. தங்கள் மகள் வரும் ஞாயிற்றுக்கிழமையே நன்மை வாங்கலாம். இதற்காக அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை.

கருப்பைக்கு வெளியே தங்கும் கருக்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில்தான் தங்குகின்றன. கருப்பையைப் போல விரிந்துகொடுக்கும் தன்மை அந்தக் குழாய்க்குக் கிடையாது. கரு வளர வளர அது வெடித்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டித் தாய் சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும், கருவும் பிழைப்பதில்லை. இத்தகைய நிலையில் சேதமுற்ற குழாயை அகற்றுவது தாயின் உடலிலுள்ள நோயுற்ற உறுப்புக்குச் செய்யும் சிகிச்சை. அதனால் கருவும் இறக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அந்த இறப்பு சிகிச்சையின் நோக்கமும் அன்று, தாயைக் காப்பாற்றும் வழியும் அன்று. ஒரே செயலிலிருந்து நல்ல விளைவும் தீய விளைவும் பிறக்கும்போது, செயல் தன்னளவில் தீயதல்லாமலும், தீமையை நாடாமலும், தீமையின் வழியாக நன்மையை அடையாமலும், தாங்கும் தீமைக்கு ஈடான காரணத்தோடும் செய்தால் அது குற்றமாகாது என்பதை அறநெறி இறையியலில் இரட்டை விளைவு நெறி என்கிறோம். தற்காப்பைப் பற்றிப் புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியதில் இதன் வேர் இருக்கிறது.

திருச்சபை இந்த முடிவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1902-இல், கருப்பைக்கு வெளியே வளரும் முதிராத கருவை அகற்றலாமா என்று கேட்கப்பட்டபோது, கூடாது என்றே உரோமையிலிருந்து பதில் வந்தது. 1930-களில் இறையியலாளர்கள் மருத்துவர்களிடம் நுணுக்கமாகக் கேட்டு, குழாயே நோயுற்றிருக்கிறது என்பதை எடுத்துக்காட்டிய பிறகுதான் குழாயை அகற்றுவது ஏற்புடையது என்ற கருத்து பரவலாக நிலைபெற்றது. குழாயை எடுக்காமல் அதைக் கீறிக் கருவை மட்டும் எடுப்பதும், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவதும் கருவின்மேலேயே நேரடியாகச் செயல்படுகின்றன என்று சொல்லும் கத்தோலிக்க இறையியலாளர்கள் இன்றும் உண்டு. அப்படியன்று என்று வாதிடுவோரும் உண்டு. திருச்சபை இதில் இறுதித் தீர்ப்பு எதுவும் வழங்காத நிலையில், மருத்துவர் சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்ணின் மனச்சான்றை மற்றவர்கள் துருவிக்கொண்டிருக்கக் கூடாது.

அன்பியத்து அன்பர் சொன்னதில் பாதி உண்மை: அது ஓர் உயிர்தான். ஆகவே, தங்கள் மகள் ஒரு குழந்தையை இழந்திருக்கிறார். அந்தக் குழந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லித் தங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

கேள்வி: வேதத்தில் கருக்கலைப்பைக் குறித்து நேரடியான கட்டளையே இல்லையே. அப்படியிருக்க, சபைகள் எதை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசுகின்றன? ஏன் ஒரே மாதிரி பேசுவதில்லை? (சி.எஸ்.ஐ. சபை உறுப்பினர், பாளையங்கோட்டை)

பதில்: நேரடிக் கட்டளை இல்லை என்பது சரி. "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்னும் 139-ஆம் சங்கீதமும், எரேமியாவின் அழைப்பும், எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளையும், கருவிலுள்ளவரைக் கடவுள் அறிந்திருக்கிறார் என்று சொல்கின்றன. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரமோ, சண்டையில் அடிபட்டுக் கர்ப்பம் விழுந்துபோனால் தண்டம் என்றும், தாய்க்குச் சேதம் வந்தால் ஜீவனுக்கு ஜீவன் என்றும் வேறுபடுத்திப் பேசுகிறது. எனினும் 'டிடாக்கே' என்னும் பன்னிரு அப்போஸ்தலர் போதனை (ஆதித் திருச்சபையின் கையேடு) கருக்கலைப்பை வெளிப்படையாகவே தடை செய்தது. ஆதித் திருச்சபையில் அதைப் பாவமன்று என்று சொன்ன ஆசிரியர் ஒருவரையும் காணோம். எவ்வளவு பெரிய பாவம் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்று அகுஸ்தீனும் அக்குவினாரும் பிரித்தார்கள். செசரியாவின் ஆயர் பசிலியோ அந்தப் பிரிவினையைப் புறந்தள்ளிப் பத்தாண்டு தவம் விதித்தார். கத்தோலிக்கத் தண்டனைச் சட்டத்திலிருந்து அந்த வேறுபாடு 1869-இல்தான் முற்றிலும் நீங்கியது.

நெருக்கடி நிலைகளைப் பற்றியும் அன்றே பேசியிருக்கிறார்கள். பிள்ளை கருப்பையில் குறுக்கே கிடந்து தாயைக் கொன்றுவிடும் நிலையில் அக்கால மருத்துவர்கள் அதைக் கருவியால் அகற்றியதை ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் விவரித்து, அதைத் தவிர்க்க முடியாத கொடுமை என்ற பொருளில் குறிப்பிடுகிறார். அவர் கருக்கலைப்பைக் கொலை என்று எழுதியவர் என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும்.

சீர்திருத்த சபைகள் இன்று பல வழிகளில் பிரிந்து நிற்கின்றன. கருக்கலைப்பை வன்மையாக எதிர்க்கும் இங்கிலாந்துத் திருச்சபை, மிகக் குறுகிய சில நிலைகளில் மற்ற எந்த வழியையும்விட அதுவே அறநெறிப்படி ஏற்கத்தக்கதாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபை 1971-இல் பாலியல் வன்கொடுமை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் நலம் ஆகியவற்றுக்காகச் சட்டம் இடம்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2003-இல் அந்த நிலைப்பாட்டைத் தானே கைவிட்டது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் 2000-ஆம் ஆண்டு ஆவணம், தாயின் உயிருக்கு நேரடி ஆபத்து இருந்து, குறிப்பாக அவருக்கு வேறு பிள்ளைகளும் இருந்தால், மேய்ப்பர்கள் கனிவு காட்ட வேண்டும் என்றும், தவத்தை நிறைவேற்றிய பெண்ணை நற்கருணையிலிருந்து விலக்கக் கூடாது என்றும் கூறுகிறது. கருக்கலைப்பைக் கொலை என்றே எழுதிய ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் போன்ஹோபர், வறுமையின் நிர்க்கதியில் ஒரு பெண் அதைச் செய்யும்போது குற்றம் அவளைவிடச் சமூகத்தின்மேல் அதிகமாக விழக்கூடும் என்றும் எழுதினார். நம் சபைகளில் முதல் பாதியை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள்.

கேள்வி: நான் பிரசவ வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். தாயா பிள்ளையா என்ற நிலை வந்தால் கத்தோலிக்கத் திருச்சபை பிள்ளை பக்கம்தான் நிற்கும், தாய் இறந்தாலும் பரவாயில்லை என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உண்மையன்று. ஆனால் அப்படி நினைப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 17 வாரக் கர்ப்பம், பனிக்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை பிழைக்க வழியில்லை என்பது தெரிந்துவிட்டது. இதயத்துடிப்பு இருக்கிறது என்பதால் கருவை வெளியேற்ற மறுத்தார்கள். தொற்று இரத்தத்தில் பரவி, 28-ஆம் நாள் அவர் இறந்தார். இது கத்தோலிக்க நாடு என்று அங்கே ஒரு மருத்துவப் பணியாளர் அவரிடம் சொன்னது உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் கத்தோலிக்க அறநெறி அந்த மறுப்பைக் கோரவில்லை. கர்ப்பிணியின் கடுமையான நோயைக் குணப்படுத்துவதையே நேரடி நோக்கமாகக் கொண்ட சிகிச்சையை, பிள்ளை வெளியே பிழைக்கும் காலம்வரை தள்ளிப்போட முடியாதபோது, பிள்ளை இறக்க நேர்ந்தாலும் செய்யலாம் என்று அமெரிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிமுறைகளின் 47-ஆம் விதி கூறுகிறது. தொற்றுக்கு உள்ளான பனிக்குடச் சவ்வையும் நஞ்சுக்கொடியையும் வெளியேற்றப் பிரசவத்தைத் தூண்டுவது இந்த விதிக்குள் அடங்கும் என்பதே பெரும்பாலான அறநெறியாளர்களின் கருத்து. கருப்பைப் புற்றுநோய்க்காகக் கருப்பையை அகற்றுவதும் இவ்வாறே.

மெய்யான இக்கட்டு வேறிடத்தில் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர், 11 வாரக் கர்ப்பத்தில், நுரையீரல் இரத்த அழுத்த நோயால் இறக்கும் நிலைக்கு வந்தார். கர்ப்பம் தொடர்ந்தால் இருவரும் இறப்பது ஏறக்குறைய உறுதி என்று மருத்துவர்கள் கூறினர். கத்தோலிக்க மருத்துவமனையான புனித சூசையப்பர் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கருவை அகற்ற ஒப்புதல் அளித்தது, தாய் பிழைத்தார். குழுவில் இருந்த அருள்சகோதரி மார்கரெட் மெக்பிரைட் திருச்சபையினின்று விலக்கப்பட்டவராகிவிட்டார் என்று ஆயர் ஒல்ம்ஸ்டெட் அறிவித்தார். 2010 டிசம்பரில் அம்மருத்துவமனை கத்தோலிக்க மருத்துவமனை என்ற தகுதியையும் இழந்தது. நோய் நுரையீரலில் இருக்கிறது, நஞ்சுக்கொடி நலமாக இருக்கிறது, ஆகவே கருவின்மேல் கைவைத்தது நேரடிக் கொலையே என்பது ஆயரின் வாதம். அந்த நோயாளியின் உடலில் நஞ்சுக்கொடியே இதயத்தைக் கொல்லும் உறுப்பாக மாறிவிட்டிருந்தது என்பது மருத்துவமனையின் வாதம். ஏட்டளவில் ஆயரின் வாதமே திருச்சபையின் போதனைக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். ஆயினும் காப்பாற்றக்கூடிய ஓர் உயிரைக் காப்பாற்றியவர்களைக் கருவைக் கொல்ல விரும்பியவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியது எனக்கு ஒருபோதும் நியாயமாகத் தோன்றியதில்லை. இந்த இடத்தில் நம் நெறி முழுமையாகப் பேசி முடிக்கவில்லை.

புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவை எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கர்ப்பிணிகளை அச்சுறுத்துவோருக்கு ஒரு வார்த்தை. மருத்துவரான அவருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. கருப்பையையே அகற்றியிருந்தாலும் திருச்சபையின் நெறிப்படி அது குற்றமாகியிருக்காது. அவர் கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லி, 1962 ஏப்ரலில் பெண் குழந்தையைப் பெற்று, ஒரு வாரத்தில் இறந்தார். கடமைக்கும் மேலாகச் சென்றதற்காகத்தான் 2004-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அதை எல்லாப் பெண்களுக்கும் உரிய கடமையாக்குகிறவர்கள் அந்தப் பட்டத்தின் பொருளையே அறியாதவர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் 13 வயதுச் சிறுமி உறவினராலேயே கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். பெற்றோர் கருவைக் கலைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தைக் கோவிலில் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். (பங்குப் பேரவை உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: முதலில் காவல்துறையைப் பற்றிக் கேட்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இப்படியொரு குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது எல்லாருடைய கடமை. பங்குப் பேரவையும் அதற்கு விலக்கன்று. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையம் எந்நேரமும் கிடைக்கும். அந்த உறவினர் இன்னும் அதே ஊரில் நடமாடுகிறாரா என்பதைத் தங்கள் கடிதம் சொல்லவில்லை.

சட்டத்தைக் கேட்கிறவர்களுக்குச் சட்டத்தையே சொல்கிறேன். 16 வயது நிறையாதவருக்குத் திருச்சபைச் சட்டத்தில் தண்டனையே கிடையாது. கருக்கலைப்புச் செய்வோரைத் திருச்சபையினின்று தானாகவே விலக்கும் தண்டனை, கடும் அச்சத்தினால் செயல்பட்டவருக்குப் பொருந்தாது. 2009 மார்ச்சில் பிரேசிலின் ரெசிபே நகரில், மாற்றாந்தந்தையால் இரட்டைக் கரு தரித்த ஒன்பது வயதுச் சிறுமியின் தாயும் மருத்துவர்களும் திருச்சபையினின்று விலக்கப்பட்டவர்கள் என்று பேராயர் அறிவித்தபோது, பிரேசில் ஆயர் பேரவையே அந்தத் தாய்க்கு அது பொருந்தாது என்று விளக்கியது. உயிர் பற்றிய திருத்தந்தையின் கழகத்துக்குத் தலைவராக இருந்த பேராயர் பிசிகெல்லா, அச்சிறுமியை முதலில் அரவணைத்துப் பாதுகாத்திருக்க வேண்டும் என்று வத்திக்கான் நாளிதழிலேயே எழுதினார். அவ்வாண்டு ஜூலையில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கருக்கலைப்பு பற்றிய போதனை மாறவில்லை என்று தெளிவுபடுத்தியது. இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன: வன்கொடுமையில் உருவான கருவும் குற்றமற்ற உயிர் என்பதால் அதை அழிக்கலாகாது என்பது போதனை, அச்சிறுமியையும் அவள் பெற்றோரையும் வாசலில் நிறுத்துவது அந்தப் போதனையில் எங்கும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து அந்தப் பெற்றோர் என்ன செய்தார்களோ அதில் ஊருக்கும் பங்குண்டு.

வன்கொடுமைக்கு உள்ளான பெண், கருத்தரிப்பதற்கு முன்பே அதைத் தடுக்கும் மருந்தை எடுத்துக்கொள்வதை மேலே சொன்ன அமெரிக்க ஆயர்களின் நெறிமுறைகள் தற்காப்பாகவே கருதி ஏற்கின்றன. இதையும் நம் பங்குகளில் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடும் மூளையின் மேற்பகுதியும் உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்கிறார்கள். சுமப்பதில் என்ன பொருள்? (ஓர் இளம் தம்பதி, சென்னை)

பதில்: நம் நாட்டுச் சட்டம் இத்தகைய நிலையில், மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு, 24 வாரங்களுக்குப் பிறகும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது, ஆகவே எல்லாரும் தங்களை ஒரே பக்கம் தள்ளுவார்கள். திருச்சபை மாறாகச் சொல்கிறது. குறைபாடு இருக்கிறது என்பதற்காகவே பிரசவத்தை முன்கூட்டித் தூண்டுவதும் ஏற்புடையதன்று என்று அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 1996-இல் தெளிவாக்கியது. தாய்க்குத் தனியாக ஆபத்து எழுந்தால் மேலே சொன்ன நெறி பொருந்தும். இது பாரமான கட்டளை என்பதை நான் மறைக்கவில்லை. பல மாதங்கள், பார்ப்பவர்கள் எல்லாம் "எத்தனை மாதம்? என்ன குழந்தை?" என்று கேட்பதைத் தாங்க வேண்டும்.

சுமக்கத் தீர்மானித்தால், செய்ய வேண்டியவற்றை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பிறந்தவுடன் உயிர் இருந்தால், குருவானவருக்காகக் காத்திராமல், அங்குள்ள செவிலியரோ தந்தையோ, தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்கு அளிக்கலாம். திருமுழுக்குக்கு முன்பே இறந்தாலும், பெற்றோர் அதை விரும்பியிருந்தால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யச் சட்டம் இடம்தருகிறது. மருத்துவமனை குழந்தையைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த கருவுக்கு முன்பே போலிக் அமிலத்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இத்தகைய குறை மீண்டும் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன், மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று மனைவியை வற்புறுத்திக் கலைக்கச் செய்தேன். அவள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாள். எந்தக் குருவும் இதை மன்னிக்கலாமா? நானும் செய்ய வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: எந்தக் குருவும் மன்னிக்கலாம், 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கிவிட்டார். நீங்களும் செய்ய வேண்டும். உங்கள் மனைவிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.